காயம் ஆறிய பிறகு வரும் செலவு

2015 டிசம்பர் 1ஆம் தேதி பிற்பகலில் தொடங்கி 21 மணி நேரம், செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வீதம் அடையாற்றில் தண்ணீர் திறந்துவிடப்பட்டது. அந்த ஒரு நாளில் ஏரிப் பகுதியில் பெய்த மழை மட்டும் 47 சென்டிமீட்டர். 2018இல் சட்டப்பேரவையில் வைக்கப்பட்ட இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை, இதனால் வந்த சென்னை வெள்ளத்தை மனிதர்களால் நேர்ந்த பேரிடர் என்றே பதிவு செய்தது.

சேதக் கணக்குகள் விரைவாகவே வந்துவிட்டன. தொழில் கூட்டமைப்பான அசோசாம் 15,000 கோடி ரூபாய் என்றது. மறுகாப்பீட்டு நிறுவனமான சுவிஸ் ரீ 200 கோடி டாலருக்கு மேல் என்றது. ஹூண்டாய், ஃபோர்டு, ரெனோ-நிசான் ஆலைகளில் உற்பத்தி நின்றது. நவம்பர் மழையில் மட்டும் 4,000 மோட்டார் சைக்கிள்களின் உற்பத்தி போனதாக ராயல் என்ஃபீல்டு அறிவித்தது. குடிசை இழந்தவர்களுக்கு 10,000 ரூபாய், வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தவர்களுக்கு 5,000 ரூபாய் என அரசு நிவாரணம் தந்தது. நனைந்த இயந்திரம், நின்றுபோன லைன், அடித்துச் செல்லப்பட்ட ஆடு மாடு என எல்லாவற்றுக்கும் ஒரு தொகை போடப்பட்டது. கழுத்தளவு தண்ணீரில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு இருட்டில் மொட்டை மாடிக்கு ஏறியவர், பின்வந்த ஆண்டுகளில் மழை பெய்த இரவுகளில் தூங்காமல் உட்கார்ந்திருந்து, மறுநாள் காலை ஷிஃப்டுக்குப் போகாமல் சம்பளம் இழந்ததை எந்தப் பட்டியலும் எழுதவில்லை.

எழுதப்படாத அந்தத் தொகையைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை. அதிர்ச்சிக்குப் பின் வரும் மனவழுத்தக் கோளாறு, மருத்துவர்கள் சுருக்கமாகச் சொல்லும் பி.டி.எஸ்.டி., ஒரு சமூகத்துக்கு எவ்வளவு செலவு வைக்கிறது, அதை யார் கட்டுகிறார்கள் என்பது கேள்வி. இதற்கு உலகில் ஓரளவு விடை இருக்கிறது. சென்னையை அடுத்த திருப்பெரும்புதூர் – ஒரகடம் தொழில் வட்டாரத்துக்கு இல்லை. இல்லாததற்குக் காரணம் செலவு சிறியது என்பதல்ல. அது தொழிலாளியின் வீட்டுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. கம்பெனிக் கணக்குக்கோ அரசுக் கணக்குக்கோ ஏறுவதில்லை.

நோயும் வேலையும்

உயிர் போகும் நிலையைத் தானே அனுபவித்தவருக்கும், அருகில் நின்று பார்த்தவருக்கும், சில வாரங்கள் தூக்கம் கெடுவதும் திடுக்கிடுவதும் இயல்பு. பெரும்பாலோர் தேறிவிடுவார்கள். சிலருக்கு அது ஒரு மாதத்தைத் தாண்டி நிற்கும். நடந்தது கனவிலும் நினைவிலும் திரும்பத் திரும்ப வரும். அதை நினைவூட்டும் இடத்தையும் ஓசையையும் ஆளையும் தவிர்ப்பார்கள். யாரோடும் ஒட்டாமல் ஒதுங்குவார்கள், நடந்ததற்குத் தன்னையே பழித்துக்கொள்வார்கள். ஆபத்து இன்னும் முடியவில்லை என்பதுபோல உடம்பு எப்போதும் விறைத்தபடி இருக்கும். இந்த நான்கும் சேர்ந்து வேலையையும் குடும்பத்தையும் கெடுத்தால் அது நோய். வியட்நாம் போரிலிருந்து திரும்பிய படைவீரர்களின் நிலையை அமெரிக்க மனநல மருத்துவர்கள் ஆராய்ந்ததன் விளைவாக 1980இல் இது அதிகாரபூர்வ நோய்ப் பட்டியலில் ஏறியது.

இந்த அறிகுறிகளை ஓர் ஆலைக்குள் வைத்துப் பார்த்தால் இது ஏன் பொருளாதார விஷயம் என்பது புரிந்துவிடும். பவர் பிரஸ்ஸில் விரலை இழந்த ஒருவர், காயம் ஆறி வேலைக்குத் திரும்புகிறார். டை இறங்கும் சத்தம் கேட்கும்போதெல்லாம் கை தானாகப் பின்னால் போகிறது. மணிக்கு இத்தனை பீஸ் என்ற கணக்கு குறைகிறது. சூப்பர்வைசர் இரண்டு நாள் பொறுப்பார், மூன்றாம் நாள் திட்டுவார், பிறகு பேக்கிங்குக்கு மாற்றுவார். ஆபரேட்டராக இருந்தபோது கிடைத்த கூடுதல் தொகை போய்விடும். இரவு தூக்கம் இல்லாததால் காலையில் கம்பெனி பஸ் தவறும். அட்டெண்டன்ஸ் போனஸ் போகும். சில மாதங்களில் அவரே நின்றுவிடுவார். கேட்டால், "அந்த வேலை ஒத்து வரலை" என்பார். கம்பெனி ஏட்டில் அவர் தானாக விலகியவர். அந்த விலகலை ஒரு விபத்தின் தொடர்ச்சி என்று எங்கும் எழுத மாட்டார்கள்.

அருகில் நின்றவரின் கதை இன்னும் மறைவானது. ரத்தத்தைப் பார்த்தவர், துண்டான விரலைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு ஓடியவர், இயந்திரத்தை நிறுத்திய கையோடு அதே இயந்திரத்தில் அடுத்த நாள் நிற்க வேண்டியவர், இவர்களுக்கு உடம்பில் காயமே இல்லை. அதனால் விடுப்பும் இல்லை.

உலகம் போட்ட கணக்கு

இந்த நோயின் செலவை முழுமையாகக் கணக்கிட்ட ஆய்வுகளில் ஒன்று அமெரிக்காவினுடையது. 2018ஆம் ஆண்டுக்கான செலவு 23,220 கோடி டாலர், ஒரு நோயாளிக்கு ஆண்டுக்கு 19,630 டாலர் என்று 2022இல் வெளியான அந்த ஆய்வு சொல்கிறது. இது போர்வீரர்களின் நோய் என்று நினைத்திருப்பவர்கள் ஒரு விவரத்தைக் கவனிக்க வேண்டும். அந்தச் செலவில் ஏறத்தாழ 82 சதவீதம் பொதுமக்களுடையது. படையினருடையது ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. பொதுமக்கள் செலவில் முதலிடம் மருத்துவத்துக்கு (6,600 கோடி டாலர்), அடுத்தது வேலையிழப்புக்கு (4,270 கோடி டாலர்).

அளவில் நமக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு வட அயர்லாந்து. அதன் மக்கள்தொகை 20 லட்சத்துக்கும் குறைவு; ஒரு தமிழக மாவட்டம் அளவுதான். முப்பது ஆண்டு உள்நாட்டு வன்முறையைப் பார்த்த அந்த நிலத்தில், ஓர் ஆண்டில் நூற்றுக்கு ஐந்து பேருக்கு பி.டி.எஸ்.டி. இருந்தது. 2008ஆம் ஆண்டுக்கான செலவு 17.28 கோடி பவுண்டு. அமைதி ஒப்பந்தம் கையெழுத்தாகிப் பத்து ஆண்டுகள் கழித்தும் வந்துகொண்டிருந்த செலவு இது.

பணத்தைவிட நாள் கணக்கே நமக்கு அதிகம் பயன்படும் என்று எனக்குத் தோன்றுகிறது. பி.டி.எஸ்.டி. உள்ள ஒருவர் மாதத்துக்குச் சராசரியாக 3.6 வேலை நாட்களை இழக்கிறார் என்று அமெரிக்க ஆய்வாளர் ரொனால்டு கெஸ்லர் 2000ஆம் ஆண்டில் எழுதினார். டாலரை ரூபாயாக மாற்றினால் கூலி வேறுபாடு குழப்பும். நாளுக்கு அந்தக் குழப்பம் குறைவு.

அந்த அளவுகோலை இங்கே வைத்துப் பார்க்கலாம். பெங்களூரு மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் 2015-16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வு, பி.டி.எஸ்.டி. உள்ளோர் ஏறத்தாழ 0.2 சதவீதம் என்கிறது. 2024இல் தமிழக வாக்காளர்கள் ஆறு கோடிக்கு மேல். அந்த விகிதப்படி 1,20,000 பேர். இவர்களில் பாதிப் பேர் மட்டுமே வேலைக்குப் போகிறவர்கள், நாள் கூலி 500 ரூபாய் என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும், ஆண்டுக்கு ஏறத்தாழ 26 லட்சம் வேலை நாட்கள், 130 கோடி ரூபாய். இது என் தோராயக் கணக்கு. கூலியிழப்பு மட்டும்தான் இதில் இருக்கிறது. மருந்து, பயணம், கூடப் போனவரின் கூலி, கடனுக்கு வட்டி, படிப்பை நிறுத்திய பிள்ளை எதையும் நான் சேர்க்கவில்லை.

அந்த 0.2 சதவீதத்தையும் நான் அப்படியே நம்பவில்லை. உலக நலவாழ்வு நிறுவனம் பல நாடுகளில் ஒருங்கிணைத்த ஆய்வில், வாழ்நாளில் ஒருமுறையாவது இந்நோய் வந்தவர்கள் 3.9 சதவீதம். ஒன்று வாழ்நாள் கணக்கு, மற்றொன்று அன்றைய நிலவரம். நேராக ஒப்பிடக் கூடாது. ஆனாலும் இடைவெளி மிகப் பெரியது. நிம்ஹான்ஸ் ஆய்வு வீடு வீடாகப் போய் எடுத்தது. சுங்குவார்சத்திரத்திலும் மாத்தூரிலும் ஓர் அறையில் ஆறேழு பேராகத் தங்கி ஷிஃப்ட் மாற்றிப் படுக்கும் ஒடிசா, பீகார் இளைஞர்களும், பெண்கள் விடுதியில் இருக்கும் தருமபுரி, திருவண்ணாமலைப் பிள்ளைகளும் வீட்டுக் கணக்கெடுப்பில் சிக்குவது அரிது. அதிர்ச்சி அதிகம் காணும் கூட்டமே கணக்குக்கு வெளியே நிற்கிறது.

தமிழ் மண்ணில் ஏற்கெனவே பார்த்தது

பேரிடருக்குப் பின் இந்த விகிதம் எங்கே போகும் என்பதைத் தமிழ்நாடு ஒருமுறை அளந்திருக்கிறது. 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு ஒரு மீனவ கிராமத்தில் 314 பேரிடம் எடுத்த ஆய்வு 2007இல் வெளியானது. அவர்களில் 12.7 சதவீதத்தினருக்கு பி.டி.எஸ்.டி. இருந்தது. பெண்களுக்கும், காயம்பட்டவர்களுக்கும், குடும்ப வருமானம் அறவே நின்றுபோனவர்களுக்கும் வாய்ப்பு அதிகமாக இருந்தது. அந்தக் கடைசி விவரம்தான் என்னை நிறுத்தியது. நோயால் வருமானம் போகிறது என்று மட்டுமே பேசுகிறோம். வருமானம் நின்ற வீட்டில் நோயும் கூடுகிறது. கடலுக்குப் போக அஞ்சியவர் கடன்காரருக்கும் அஞ்ச வேண்டியிருந்தது. வலையும் படகும் நிவாரணமாக வந்தபோது, அதில் ஏறிக் கடலுக்குள் போகத் துணிவு வந்ததா என்று கேட்க யாருக்கும் நேரம் இருக்கவில்லை.

இலங்கையில் போர் முடிந்த 2009இல் யாழ்ப்பாண மாவட்டத்தில் எடுத்த ஆய்வில் பி.டி.எஸ்.டி. 7 சதவீதம். பதற்ற நோய் 32.6, மனச்சோர்வு 22.2 சதவீதம். அதிர்ச்சி ஒரே ஒரு நோயாக வருவதில்லை என்பதையும், பி.டி.எஸ்.டி. என்ற பெயரை மட்டும் எண்ணினால் செலவின் பெரும்பகுதி விடுபடும் என்பதையும் அந்த எண்கள் காட்டுகின்றன. யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் இதற்கும் அப்பால் போய், தனிமனிதர் மட்டுமல்ல, ஊரும் உறவும் நம்பிக்கையும் சேர்ந்தே சிதைகின்றன என்று எழுதினார். கூட்டு மனவடு என்ற அவருடைய கருத்தைப் பணத்தில் அளக்க யாரும் முயன்றதாக எனக்குத் தெரியவில்லை.

எதிர்ப்பக்க வாதம் ஒன்றும் உண்டு. வறுமையாலும் அநீதியாலும் வரும் துன்பத்துக்கு நோய் என்று பெயர் சூட்டி மருத்துவரிடம் தள்ளிவிடுகிறோம் என்று பிரிட்டிஷ் மனநல மருத்துவர் டெரெக் சம்மர்ஃபீல்டு 2001இல் கடுமையாகவே எழுதினார். அதில் நியாயம் இருக்கிறது. இன்று மழை அறிவிப்பு வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாக ஏற்றி நிறுத்துகிறவர்களை நோயாளிகள் என்று சொல்ல முடியாது; அவர்கள் அனுபவப்பட்டவர்கள். 2020 நவம்பரில் நிவர் புயலின்போது செம்பரம்பாக்கம் ஏரி 22 அடியைத் தொட்டு, 2015க்குப் பிறகு முதன்முறையாக மதகு திறக்கப்பட்டது. தொடக்கத்தில் விட்டது 1,000 கன அடிதான். அடையாற்றங்கரை முழுக்கப் பெட்டி படுக்கையைக் கட்டினார்கள். அந்த அச்சத்துக்குக் காரணம் இருந்தது. ஆனால் தண்ணீர் வடிந்த பிறகும், வெயில் காலத்திலும், குழாய் நிரம்பி வழியும் சத்தத்துக்குக்கூட எழுந்து உட்காருகிறவரிடம் இதையே சொல்லி அனுப்பிவிட முடியாது. துன்பத்தின் வேர் அரசியலாக இருக்கலாம். அடுத்த மாத வாடகைக்கு அவர் வேலைக்குப் போயாக வேண்டும்.

இந்த வட்டாரத்தில் அதிர்ச்சி எங்கிருந்து வருகிறது

வெள்ளம் ஒரு காரணம்தான். அது எப்போதாவது வருகிறது. மற்றவை நாள்தோறும்.

முதலில் சாலை. சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையும், வண்டலூர் – வாலாஜாபாத் சாலையும் கன்டெய்னர் லாரிகளும் கம்பெனி பஸ்களும் ஷிஃப்டு முடிந்து பைக்கில் திரும்புகிறவர்களும் ஒரே நேரத்தில் நெருக்கும் சாலைகள். 2022இல் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள் நடந்தன, இந்தியாவிலேயே அதிகம். 17,884 பேர் இறந்தார்கள். இறந்தவர் எண்ணிக்கை நமக்கு மனப்பாடம். பிழைத்தவர்களில் எத்தனை பேர் மறுபடி வண்டியைத் தொடவில்லை, அதனால் வேலையை விட்டார்கள் என்று எந்தத் துறையும் கேட்பதில்லை. பஸ் வசதி இல்லாத ஊரிலிருந்து வருபவருக்கு பைக் ஓட்ட முடியாமல் போவது வேலை போவதற்குச் சமம்.

அடுத்தது கட்டுமானம். 2014 ஜூன் 28 அன்று, செம்பரம்பாக்கத்திலிருந்து அதிக தூரமில்லாத மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் ஆந்திரம், ஒடிசாவிலிருந்து வந்த கூலித் தொழிலாளர்கள். இடிபாடுகளிலிருந்து 27 பேர் உயிரோடு மீட்கப்பட்டனர். பல மணி நேரம் இருட்டில், பக்கத்தில் குரல்கள் ஒவ்வொன்றாக அடங்குவதைக் கேட்டுக் கிடந்தவர்கள் அதில் உண்டு. இறந்தவர்களுக்கு இழப்பீடு கிடைத்தது. மீண்டவர்கள் சொந்த ஊர் திரும்பினார்கள். அவர்களோடு அந்த நோயின் செலவும் வட ஆந்திரக் கிராமங்களுக்குப் போய்விட்டது. புலம்பெயர் தொழிலாளியை வைத்து இயங்கும் எந்தத் தொழில் மையத்துக்கும் இது பொருந்தும். உழைப்பு இங்கே, நோய் அங்கே.

மூன்றாவதாக ஆலை. திருமுடிவாக்கம், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் சுற்று வட்டாரத்தில் பெரிய கார் ஆலைகளுக்கு உதிரிபாகம் செய்யும் சிறு பிரஸ் ஷாப்புகள் நூற்றுக்கணக்கில் உண்டு. சென்சார் பழுதாகியிருக்கும் அல்லது வேகத்துக்காக அணைத்து வைத்திருப்பார்கள். இரண்டு கை பட்டனில் ஒன்றை டேப் ஒட்டி அழுத்தி வைப்பதும் நடக்கும். விரல் போவது அங்கேதான் அதிகம்.

நான்காவதைப் பற்றிப் பேசவே இங்கே தயக்கம் உண்டு. எலெக்ட்ரானிக்ஸ் ஆலைகளில் வேலை பார்ப்பவர்கள் பெரும்பாலும் இருபதை ஒட்டிய பெண்கள். பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களிடையே பி.டி.எஸ்.டி. விகிதம் மற்ற எந்த அதிர்ச்சியையும்விட அதிகம் என்பது உலக ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்லும் முடிவு. இரவு ஷிஃப்ட், விடுதி, இருட்டுச் சாலை மூன்றும் சேர்ந்த இடத்தில் அந்த ஆபத்தை மறைத்துவைத்துப் பயனில்லை. பாதிக்கப்பட்ட பெண் வேலையை விட்டு ஊருக்குத் திரும்பினால் "கல்யாணத்துக்குப் போயிட்டா" என்று ஒரு வரியில் முடிந்துவிடுகிறது. வல்லம் வடகாலில் 706.50 கோடி ரூபாயில் 18,720 பேர் தங்கும் விடுதியை 2024 ஆகஸ்டில் அரசு திறந்தது. 2021 டிசம்பரில் தனியார் விடுதி உணவால் நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள் மருத்துவமனைக்குப் போய், நெடுஞ்சாலையில் மறியல் நடந்த பிறகு எழுந்த மாற்றங்களில் இதுவும் சேரும். நல்ல முன்னேற்றம்தான். அத்தனை ஆயிரம் பேர் தங்கும் இடத்தில் மனநல ஆலோசகர் எத்தனை பேர் என்பதையும் நாம் கேட்க வேண்டும்.

யார் கட்டுகிறார்கள்

அமெரிக்காவில் ஒரு தொழிலாளி மாதம் மூன்றரை நாள் வரவில்லை என்றால் நிறுவனத்துக்கு இழப்பு. அதனால் அங்கே அது ஆய்வாகிறது. இங்கே காண்ட்ராக்ட் தொழிலாளி வரவில்லை என்றால் அன்றே அவர் இடத்தில் இன்னொருவரை காண்ட்ராக்டர் அனுப்பிவிடுவார். லைன் நிற்காது. வராதவருக்குச் சம்பளம் இல்லை. நிறுவனத்தின் ஏட்டில் இழப்பு பூஜ்யம். இழந்த கூலி முழுவதும் அந்தக் குடும்பத்தின் தலையில். இந்த ஏற்பாட்டால்தான் நம் ஊரில் பி.டி.எஸ்.டி.யின் செலவு கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிறது என்பது என் துணிபு.

குடும்பம் எப்படியெல்லாம் கட்டுகிறது என்று பாருங்கள். நெஞ்சு படபடப்பு என்று முதலில் ஈ.சி.ஜி. எடுப்பார்கள். தலை பாரம் என்று ஸ்கேன். எல்லாம் நார்மல் என்று வந்ததும் "பயந்த கோளாறு" என்று மந்திரிக்கக் கூட்டிப்போவார்கள். தாயத்து, பூசை, கோழி. அதற்குள் கழுத்துச் சங்கிலி அடகுக்குப் போயிருக்கும். ஆண்கள் பலர் தூக்கத்துக்காகக் குடிக்கத் தொடங்குவார்கள்; அந்தச் செலவு டாஸ்மாக் வருவாயாகப் பதிவாகும், நோயாக அல்ல. மனநோய் உள்ள ஒருவருக்காகக் குடும்பங்கள் மாதம் 1,000 முதல் 1,500 ரூபாய் வரை சிகிச்சைக்கும் பயணத்துக்கும் செலவிடுவதாக நிம்ஹான்ஸ் ஆய்வு சொன்னது. சரியான மருத்துவரைக் கண்டடைந்தவர்களின் செலவு அது. கண்டடைவதற்குள் ஆவது தனி. மனநோய் உள்ளவர்களில் நூற்றுக்கு எண்பது பேருக்கு மேல் சிகிச்சைக்கே வரவில்லை என்பதையும் அதே ஆய்வு சொல்கிறது.

சட்டம் இந்த ஏற்பாட்டை மாற்றவில்லை. பழைய தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்திலும் இ.எஸ்.ஐ. சட்டத்திலும் இருந்த ஊன அட்டவணையைப் படித்துப் பாருங்கள். ஆட்காட்டி விரல் முழுதும் போனால் சம்பாதிக்கும் திறனில் 14 சதவீத இழப்பு. நடுவிரல் முழுதும் போனால் 12. மோதிர விரலோ சுண்டு விரலோ போனால் 7. கட்டைவிரலுக்கு 30. எலும்பு போகாமல் நுனி மட்டும் வெட்டுப்பட்டால் அதற்கும் தனி எண். எந்த விரலில் எத்தனை கணு என்றுவரை அளந்து வைத்திருக்கிறது சட்டம். நாள் கூலி 600 ரூபாய் வாங்கிய ஒருவர் ஆட்காட்டி விரலை இழந்தால், கூலியில் 90 சதவீதத்துக்கு 14 சதவீதம் என்ற கணக்கில் நாளுக்கு 75 ரூபாய் சொச்சம் வாழ்நாள் முழுக்க வரும். இது பெரிய பாதுகாப்பு, குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் விரல் போன பிறகு எந்த இயந்திரத்தின் முன்னாலும் நிற்க முடியாமல் போனவரின் உண்மையான இழப்பு 14 சதவீதம் அல்ல. அவருடைய தொழிலே போய்விட்டது. அதை அளக்க அட்டவணையில் ஒரு வரியும் இல்லை. தொழில்சார் நோய்ப் பட்டியலில் ஈய நஞ்சு உண்டு, சிலிக்கா நுரையீரல் நோய் உண்டு, பி.டி.எஸ்.டி. இல்லை. நீண்டகால நோய்களுக்கு 80 சதவீதக் கூலி தரும் நீட்டித்த நோய்ப் பயன் பட்டியலில், மனநோய்களில் மனச்சிதைவு போன்ற தீவிர நோய்கள் மட்டுமே உண்டு. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் பழைய சட்டங்களை ஒன்றாக்கியது. இந்தக் குறையை அது தீர்க்கவில்லை.

2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், உடல் நோய்க்கு உள்ள அதே அடிப்படையில் மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்கிறது. நல்ல சட்டம். ஆனால் மருத்துவக் காப்பீடு எடுத்தவருக்குத்தான் பயன்.

இன்னொரு நல்ல திட்டத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’, சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேர சிகிச்சையை இலவசமாகத் தருகிறது. ஏராளமான உயிர்களை அது காத்திருக்கிறது. ஆனால் அரசின் பொறுப்பு 48 மணி நேரத்தில் முடிகிறது, பி.டி.எஸ்.டி.யை ஒரு மாதம் கழித்துத்தான் கண்டறியவே முடியும். முப்பதாம் நாள் அந்த வீட்டுக்கு யார் போகிறார்கள்? ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஊழியர்கள் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீடு வீடாகப் போகிறார்கள். விபத்து சிகிச்சை பெற்றவர்களின் பட்டியல் அரசிடம் இருக்கிறது. இரண்டையும் இணைக்கப் புதிய கட்டடம் எதுவும் தேவையில்லை.

செய்தால் என்ன செலவு

சிகிச்சை இருக்கிறது, பலனும் தருகிறது. அதிர்ச்சியை மையமாகக் கொண்ட பேச்சு சிகிச்சை சில வாரங்கள் முதல் சில மாதங்கள். இராக், ஆப்கானிஸ்தானிலிருந்து திரும்பிய அமெரிக்கப் படையினரைப் பற்றி ராண்ட் நிறுவனம் 2008இல் வெளியிட்ட ஆய்வு, பி.டி.எஸ்.டி.யும் மனச்சோர்வும் இரண்டு ஆண்டில் 400 முதல் 620 கோடி டாலர் செலவு வைக்கும் என்றும், எல்லாருக்கும் தரமான சிகிச்சை தந்தால் 170 கோடி டாலர்வரை மிச்சமாகும் என்றும் சொன்னது. சிகிச்சையின் செலவைக் கழித்துவிட்டு மிஞ்சும் தொகை அது.

ஒரு லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லாத நாட்டில் யார் சிகிச்சை தருவது என்ற கேள்விக்கு நம் அருகிலேயே விடை உண்டு. போரும் சுனாமியும் கண்ட வடகிழக்கு இலங்கையில், பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள் 31 சிறார்களுக்கு சில அமர்வுகளே கொண்ட சிகிச்சை தந்தார்கள். ஒரு பகுதியினருக்கு நடந்ததை வரிசையாகச் சொல்லவைக்கும் முறை, மற்றவர்களுக்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும். ஆறு மாதத்தில் இரு பிரிவிலும் பெரும்பாலோர் நோயிலிருந்து மீண்டிருந்தார்கள். எண்ணிக்கை சிறியது, ஆனாலும் தமிழ் பேசும் சாதாரண ஊழியர்களால் இது முடியும் என்பதற்கு அது சான்று.

செய்யக் கூடாததும் உண்டு. விபத்து நடந்த முதல் மாதத்தில், அதிர்ச்சி அறிகுறிகளுக்காக டயசிபாம் வகைத் தூக்க மாத்திரை தர வேண்டாம் என்று உலக நலவாழ்வு நிறுவனம் 2013இல் வழிகாட்டியது. நம் மருந்துக் கடைகளில் முதலில் கைக்கு வருவதே அதுதான்.

ஆலைகளுக்கு முன்மாதிரி தேடி வெகுதூரம் போக வேண்டாம். இந்த வட்டாரத்தின் பெரிய ஆலைகள் பல தென் கொரியாவைச் சேர்ந்தவை. 2017 மே 1 அன்று அந்நாட்டில் கோஜே கப்பல் கட்டும் தளத்தில் கிரேன்கள் மோதி ஆறு பேர் இறந்தபோது, பார்த்து நின்ற தொழிலாளர்களின் மன அதிர்ச்சி நாடு தழுவிய பேச்சானது. இன்று தொழில் விபத்தில் பாதிக்கப்பட்டவருக்கும் நேரில் கண்டவருக்கும் ஆலோசனை தரும் மையங்களை அங்கே அரசே நடத்துகிறது. கனடாவின் ஒன்டாரியோ மாநிலம் 2016இல், தீயணைப்பாளர் போன்ற மீட்புப் பணியாளருக்கு பி.டி.எஸ்.டி. வந்தால் அது வேலையால் வந்ததாகவே கொள்ள வேண்டும் என்று சட்டம் இயற்றியது. அப்படிச் செய்தால் பொய்யாக நடித்துப் பணம் கேட்பார்கள் என்று இங்கே முதலாளிகள் தரப்பில் சொல்வார்கள். முதுகுவலிக்கும் அதையே சொன்னார்கள். அதற்காகத்தான் மருத்துவக் குழு இருக்கிறது.

பணமும் இருக்கிறது. கூலியில் முதலாளி 3.25 சதவீதம், தொழிலாளி 0.75 சதவீதம் எனப் பல கோடிப் பேரிடமிருந்து மாதந்தோறும் இ.எஸ்.ஐ.க்குப் போகிறது. ஒரகடத்திலிருந்து கே.கே.நகர் இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்குப் போய் வந்தாலே ஒரு நாள் கூலி போய்விடும். ஆகவே ஆலோசகர் ஒருவர் வாரம் இரண்டு நாள் உள்ளூர் டிஸ்பென்சரியில் உட்கார வேண்டும். விபத்து அறிக்கை கொடுத்த ஒவ்வொரு ஆலையும் முப்பதாம் நாள், காயம்பட்டவரையும் அருகில் நின்றவரையும் சேர்த்து, ஒரு பரிசோதனைக்கு அனுப்புவதைத் தொழிலகப் பாதுகாப்பு இயக்ககம் கட்டாயமாக்க வேண்டும். மாநில அரசு தன் விதிகளாலேயே இதைத் தொடங்கலாம். அட்டவணையில் பி.டி.எஸ்.டி.யைச் சேர்ப்பது ஒன்றிய அரசின் வேலை. தொழிற்சங்கங்கள் கூலி உயர்வுக் கோரிக்கையோடு அதையும் எழுத வேண்டும்.

இதைப் படிக்கும் உங்கள் வீட்டிலோ லைனிலோ, விபத்துக்குப் பிறகு ஒரு மாதமாகியும் தூங்காதவர், வண்டியையோ இயந்திரத்தையோ தொடாதவர் யாராவது இருந்தால், அவரைப் "பயந்தாங்கொள்ளி" என்று சொல்லாதீர்கள். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி-மானஸின் எண் 14416. எந்த நேரத்திலும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.